வீணாவது வேறு, எரியாதது வேறு: மைலேஜ் கருவிகளின் கணக்கு

மைலேஜை ஏற்றித் தருவதாகச் சொல்லும் கருவிகளின் விளம்பரங்களைக் கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், ஏர் ஃபில்டருக்குப் பின்னால் செருகும் சுழல் தகடு, தண்ணீரிலிருந்து வாயு எடுத்து எஞ்சினுக்குள் விடும் கிட், டேங்கில் போடும் மாத்திரை, ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் பச்சை டாங்கிள். பொருள் ஒவ்வொன்றும் வேறு வேறு. ஆனால் விளம்பர வாசகம் கிட்டத்தட்ட ஒன்றேதான். உங்கள் எஞ்சின் பெட்ரோலில் பெரும்பகுதியை வீணடிக்கிறது, இந்தக் கருவி பெட்ரோலை முழுமையாக எரிய வைக்கும், அதனால் 20, 30 சதவீதம் மிச்சமாகும். அவ்வளவுதான். மீதி எல்லாம் அட்டைப்பெட்டி டிசைன்.

இந்த மூன்று துண்டு வாசகத்தில் முதல் துண்டு உண்மை. எஞ்சின் பெட்ரோலில் பெரும்பகுதியை வீணடிக்கத்தான் செய்கிறது. எல்லாவற்றையும் பொய் என்று தூக்கிப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மோசடி ஒளிந்திருப்பது முதல் துண்டுக்கும் இரண்டாவது துண்டுக்கும் நடுவில். 'வீணாகிறது' என்று ஆரம்பித்து, யாரும் கவனிக்காத நேரத்தில் 'எரியவில்லை' என்று மாற்றிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சாலை ஓட்டத்தில் அதில் 25, 30 ரூபாய்தான் எஞ்சினிலிருந்து சுழற்சியாக வெளியே வரும். அதிலும் கொஞ்சம் கியர் பாக்ஸில் போய்விடும். மிச்ச 70 ரூபாய் எங்கே? சைலன்சர் வழியாகச் சூடாகப் போகிறது, ரேடியேட்டர் வழியாகச் சூடாகப் போகிறது, உராய்விலும் காற்றை உள்ளே இழுப்பதிலும் கொஞ்சம் போகிறது. ஓட்டி முடித்த பைக்கின் சைலன்சரில் கால் பட்டவர்களுக்கு அந்த 70 ரூபாயைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தப் பெட்ரோல் எல்லாம் எரிந்துவிட்டது. நன்றாகவே எரிந்துவிட்டது. எரிந்து வந்த சூட்டில் ஒரு பகுதியைத்தான் வேலையாக மாற்ற முடிந்தது. சூட்டை வேலையாக மாற்றும் எந்த இயந்திரத்துக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு என்பது 1824-ல் சாடி கார்னோ எழுதியதிலிருந்தே தெரிந்த விஷயம்.

அப்படியானால் எரியாமல் போவது எவ்வளவு? சூடேறிய, ஒழுங்காக ஓடுகிற பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டருக்குள்ளேயே 95 முதல் 98 சதவீதம் வரை எரிந்துவிடுகிறது. டீசலில் 98-க்கும் மேல். சிலிண்டர் சுவர் ஓரத்திலும் பிஸ்டன் ரிங் இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும் கொஞ்சம்தான் தப்பிக்கிறது. ஆகவே முழு எரிதலைக் கொண்டுவரும் கருவி ஒன்றைக் கடவுளே வந்து செய்து கொடுத்தாலும், கிடைக்கக்கூடிய உச்சபட்ச லாபம் 2 முதல் 5 சதவீதம். அட்டைப்பெட்டியில் 30 என்று போட்டிருந்தால், மீதி 25 எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி.

என்னை நம்ப வேண்டாம், நீங்களே போட்டுப் பார்க்கலாம். 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் பிஎஸ்6 விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. பெட்ரோல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு 1 கிராம் கார்பன் மோனாக்சைடும் 0.1 கிராம் ஹைட்ரோகார்பனும்தான் வெளியே விடலாம். எரியாமல், அல்லது பாதி எரிந்து போகிற எரிபொருள் என்றால் முக்கியமாக இவை இரண்டும்தான். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் கார் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 55 மில்லி பெட்ரோல் குடிக்கிறது. லிட்டருக்கு 32 மெகாஜூல் என்று எடுத்தால், கிட்டத்தட்ட 1,780 கிலோஜூல். ஒரு கிராம் கார்பன் மோனாக்சைடில் மிச்சமிருக்கும் ஆற்றல் 10 கிலோஜூல். 0.1 கிராம் ஹைட்ரோகார்பனில் சுமார் 4. இரண்டும் சேர்த்து 14 சொச்சம். 1,780-க்கு 14 என்றால் ஒரு சதவீதம்கூட இல்லை. அதுவும் விதி அனுமதிக்கும் உச்ச அளவில்.

இது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தாண்டி வெளியே வரும் புகையின் கணக்கு, உள்ளே எரியாததைக் கன்வெர்ட்டர் எரித்துவிடுகிறது என்று விஷயம் தெரிந்த விற்பனையாளர் சொல்லலாம். நியாயமான பதில்தான். ஆனால் அந்தப் பாதையில் போனால் அவருக்குத்தான் சிக்கல். மணிக்கு 60-ல் போகும் அதே கார் நொடிக்குச் சுமார் 30 கிலோஜூல் எரிபொருள் எடுக்கிறது. அதில் 30 சதவீதம் எரியாமல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்தால் அது 9 கிலோவாட் சூடு. பாத்ரூமில் இருக்கும் 2 கிலோவாட் கெய்சர் நாலரையைக் காருக்கு அடியில் எந்நேரமும் ஓட்டுவது மாதிரி. கன்வெர்ட்டர் உருகிவிடும். ஒரு சிலிண்டர் சரியாகப் பற்றாமல் விட்டாலே டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மின்னி எச்சரிப்பது இந்தக் காரணத்தால்தான்.

இங்கே நம் பக்கத்து ஆட்களையும் கொஞ்சம் விமர்சிக்க வேண்டும். இந்த மாதிரி விளம்பரத்தைப் பார்த்தவுடன் "ஆற்றல் அழியாமை விதிக்கே முரண்" என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பெரும்பாலான கருவிகள் விஷயத்தில் அந்த எதிர்வாதம் தவறு. 70 சதவீதம் சூடாகப் போகும்போது, அதில் 20-ஐ மீட்கிறேன் என்று ஒருவர் சொன்னால் எந்த விதியும் மீறப்படவில்லை. ஹைப்ரிட் கார்கள் சட்டப்படி, இயற்பியல்படி நிஜமாகவே நிறைய மிச்சம் பிடிக்கின்றன. விற்பவருக்கும் இது தெரியும். நீங்கள் விதியைச் சொன்னால் அவர் ஹைப்ரிட்டைக் காட்டுவார். அதனால் கேட்க வேண்டியது, "எந்த இழப்பைக் குறைக்கிறாய்?" என்பது. பிரேக்கில் போவதையா, நின்றபடி ஓடுவதில் போவதையா, காற்றுத் தடையையா, டயர் உருளுவதில் போவதையா? ஹைப்ரிட் இதற்குப் பதில் சொல்லும். காந்தம் சொல்லாது. அது மறுபடி முழு எரிதலுக்கே வந்து நிற்கும்.

காந்தத்தின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. பெட்ரோல் மூலக்கூறுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன, காந்தப்புலம் பிரித்துவிடுகிறது என்பது எளிய வடிவம். கொஞ்சம் படித்தவர்களுக்கான வடிவத்தில் ஆர்த்தோ ஹைட்ரஜன், பாரா ஹைட்ரஜன், விண்வெளி ராக்கெட் எல்லாம் வரும். இந்தச் சொற்கள் பொய்யல்ல. ஹைட்ரஜன் மூலக்கூறில் உள்ள இரண்டு புரோட்டான்களின் சுழற்சி ஒரே பக்கமா எதிரெதிராகவா என்பதைப் பொறுத்து அந்த இரண்டு வகைகள் நிஜமாகவே உண்டு. திரவ ஹைட்ரஜன் தயாரிக்கும்போது ஆர்த்தோவைப் பாராவாக மாற்றியே சேமிக்கிறார்கள். இல்லையென்றால் அது தொட்டிக்குள் மெதுவாக மாறும்போது வெளிவரும் சூட்டில் திரவம் கொதித்துப் போய்விடும். ஆனால் அது தனி ஹைட்ரஜனின் கதை. பெட்ரோலில் ஹைட்ரஜன் கார்பனோடு பிணைந்து கிடக்கிறது, அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. உண்மையான பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைக் கிழித்து, சம்பந்தமில்லாத இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

எம்ஆர்ஐ ஸ்கேன் இயந்திரத்தில் 1.5 டெஸ்லா காந்தப்புலம் இருக்கிறது. பல இடங்களில் 3. ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைவிடப் பல மடங்கு வலிமை. நம் உடம்புக் கொழுப்பின் நீண்ட கார்பன் சங்கிலிகள் பெட்ரோலுக்குத் தூரத்துச் சொந்தம்தான். அரை மணி நேரம் உள்ளே படுத்துவிட்டு எழுந்து வந்தவர்கள் யாருக்கும் தொப்பை சுலபமாகக் கரைந்ததாகத் தகவல் இல்லை.

அடுத்தது தண்ணீர் கிட். எச்எச்ஓ என்று போடுவார்கள். பேட்டரி மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து, வரும் ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் எஞ்சினுக்குள் விடுவது. இங்கே மட்டும் அந்த ஒற்றை வரி எதிர்வாதம் செல்லுபடியாகும், ஆனால் எண்களோடு சொன்னால்தான் உறைக்கும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வாயு தரும் கிட் என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ரஜன். எரித்தால் சுமார் 7 கிலோஜூல். நம் கார் அதே நிமிடத்தில் எடுப்பது 1,780. அரை சதவீதம்கூட இல்லை. அந்த 7-ஐ உண்டாக்க, தண்ணீரைப் பிரிக்கும் இழப்பையும் ஆல்டர்னேட்டர் இழப்பையும் எஞ்சின் இழப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால், எரிக்க வேண்டிய பெட்ரோல் சுமார் 80 கிலோஜூல். எண்பது கொடுத்து ஏழு வாங்குகிற வியாபாரம். இதைச் சுட்டிக்காட்டினால் உடனே, "ஹைட்ரஜன் எரிபொருளாக வேலை செய்யவில்லை சார், பெட்ரோல் முழுசா எரிய உதவுது" என்பார்கள். திரும்பவும் அந்த 2 முதல் 5 சதவீதத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள்.

தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொன்ன அமெரிக்கர் ஸ்டான்லி மேயர் மீது முதலீட்டாளர்கள் போட்ட வழக்கில், 1996-ல் ஒஹையோ நீதிமன்றம் அது மோசடி என்று தீர்ப்பளித்து 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. அவருடைய கருவியை ஆராய்ந்த நிபுணர்கள் கண்டது, பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்கிற அதே மின்னாற்பகுப்பு. யூடியூபில் அவர் இன்னும் தியாகிதான்.

எச்எச்ஓ கிட் போட்டவர்களில் சிலருக்கு நிஜமாகவே கொஞ்சம் மிச்சமாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். காரணம் வேறு. சில கிட்டுகளோடு ஒரு குட்டி சர்க்யூட் வரும். அது ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைத் திரித்து ஈசியூவிடம் சொல்லும். ஈசியூ ஏமாந்து பெட்ரோலைக் குறைக்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் மாறிக் காற்று கூடிவிடும். சில சதவீதம் மிச்சமாகலாம். ஆனால் கன்வெர்ட்டர் நைட்ரஜன் ஆக்சைடுகளை அழிப்பது அந்த 14.7-ஐ நம்பித்தான், அந்த வேலை நின்றுவிடும். தேவைக்கு மேல் காற்றைக் கூட்டினால் எஞ்சின் இழுக்காமல் திணறவும் செய்யும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இதையே மெக்கானிக் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து டீக்காசுக்குச் செய்து கொடுப்பார். ஹைட்ரஜன் தேவைப்படவில்லை.

என் தொழிலுக்கு நெருக்கமானது அந்த ஓபிடி டாங்கிள். ஈசியூவோடு பேசி, உங்கள் ஓட்டும் பழக்கத்தைக் கற்று, எரிபொருள் வரைபடத்தையே மாற்றி எழுதுமாம். ஃபர்ம்வேர் பக்கம் கொஞ்சமாவது எட்டிப் பார்த்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும். ஈசியூவின் மென்பொருள் மாடலுக்கு மாடல் வேறு, பூட்டும் உண்டு. எல்லா மாடலுக்கும் ஒரே டாங்கிள் என்பது எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி என்பது போல. பிரான்ஸைச் சேர்ந்த குவார்க்ஸ்லேப் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆட்கள் நைட்ரோ ஓபிடி2 என்ற இந்த மாதிரி டாங்கிள் ஒன்றை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார்கள். காரின் கேன் பஸ்ஸில் பேசுவதற்கு டிரான்ஸீவர் என்ற சிப் வேண்டும். அது போர்டில் இல்லை. ஒருவேளை பெரிய சிப்புக்குள்ளேயே இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, அமிலத்தில் சிப்பின் மேல் உறையையே கரைத்துப் பார்த்தார்கள். உள்ளேயும் இல்லை. செருகுவதற்கு முன்னும் பின்னும் காரின் உள் செய்திகளைப் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். புதிதாக ஒரு செய்திகூட இல்லை. எல்ஈடி மட்டும் மின்னியது.

அந்த டாங்கிளின் கையேட்டில் எனக்குப் பிடித்த வரி, 'கற்றுக்கொள்ள 150, 200 கிலோமீட்டர் ஓட வேண்டும்' என்பது. தொழில்நுட்ப ரீதியாக அது வெறும் புகை. ஆனால் மனோதத்துவ ரீதியாக அபாரமான வரி. அந்த 200 கிலோமீட்டரும் நீங்கள் மீட்டரையே பார்த்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரைப் பூ மாதிரி மிதிப்பீர்கள். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் அதற்குள் நெருங்கிவிடும்.

"அதெல்லாம் சரி, எனக்கு ஏறுச்சே" என்பவர்களிடம் என்ன சொல்வது? என் அக்கா மகன் மதுரையில் உணவு டெலிவரி செய்கிறான். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் குறையாது, பெட்ரோலுக்கு மட்டும் 250 ரூபாய் போகிறது. அதில் 15 சதவீதம் மிச்சம் என்றால் மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் கிட்டே வரும். கார் வைத்திருக்கிற நமக்கு அது ஒரு நாள் ஹோட்டல் பில். அவனுக்கு அது பைக் தவணையில் ஒரு பங்கு. இந்தக் கருவிகளை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டால், இவன் மாதிரி ஆட்கள்தான். பெட்ரோல் செலவு வலிக்காதவனுக்கு இந்த விளம்பரம் கண்ணிலேயே படாது. அவன் 1,400 ரூபாய் கொடுத்து ஒரு காந்தம் வாங்கியிருந்தான்.

"மாமா, 48 குடுத்துக்கிட்டு இருந்துச்சு, இப்ப 53 தருது" என்றான். பொய் சொல்லவில்லை. அவன் கணக்கு நோட்டும் வைத்திருக்கிறான். வாங்கிப் பார்த்தேன். காந்தம் மாட்டுவதற்கு முந்தைய இரண்டு மாதத்திலேயே அவன் மைலேஜ் 44-க்கும் 53-க்கும் நடுவில் ஆடியிருக்கிறது. எப்படி அளந்தான் என்று கேட்டேன். மீட்டரில் ஒரு கோடு இறங்கினதும் 200 ரூபாய்க்குப் போடுவான், அடுத்த முறை கோடு இறங்கும் வரை ஓடிய தூரத்தை அதில் வகுப்பான். 200 ரூபாய்க்கு இரண்டு லிட்டர். அந்தக் கோடு இறங்குவது பைக் எந்தச் சரிவில் நிற்கிறது, பெட்ரோல் எப்படிக் குலுங்குகிறது என்பதைப் பொறுத்து 200 மில்லி முன்னே பின்னே ஆகலாம். இரண்டு லிட்டரில் 200 மில்லி என்றால் 10 சதவீதம். அளவுகோலே 10 சதவீதம் ஆடும்போது, அதை வைத்து 10 சதவீத முன்னேற்றத்தை எப்படிப் பார்ப்பது?

இன்னொன்றையும் அவனே சொன்னான், நான் கேட்காமலே. "மாட்டினதுல இருந்து கொஞ்சம் பாத்துத்தான் மாமா ஓட்டுறேன்." அங்கேதான் இருக்கிறது விஷயம். காற்றுத் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறும். 50-ல் போகும்போது உள்ளதைவிட 70-ல் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காந்தம் பைக்கில் எதையும் மாற்றவில்லை, ஓட்டுகிறவனின் மணிக்கட்டை மாற்றியிருக்கிறது. ஒரு மாதத்தில் பழைய மணிக்கட்டு திரும்பி வந்துவிடும். அப்போது கடைக்காரரிடம் போனால் பெட்ரோல் பங்க் சரியில்லை என்பார்.

ஒழுங்காகச் சோதிக்க வேண்டுமென்றால் செலவே இல்லை, பொறுமைதான் வேண்டும். ஒரே பங்க், பைக்கை மெயின் ஸ்டாண்டில் போட்டு டேங்க் மூடியின் அடியில் ஒரே அடையாளம் வரை நிரப்புவது, கிட்டத்தட்ட காலியாகும் வரை ஓட்டி மறுபடி நிரப்புவது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு டேங்க். ஒவ்வொரு டேங்குக்கும் கருவி மாட்டியிருக்கிறதா இல்லையா என்பதை வேறொருவர் காசைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடாது. அதே அளவில் ஒரு டம்மி செய்து இரண்டையும் டேப் சுற்றிவிட்டால் போதும். ஆபீஸில் பட்டன் நிறம் மாற்றுவதற்கே நாங்கள் இப்படி இரண்டு குழு பிரித்துச் சோதிக்கிறோம். இதைச் சொன்னபோது அக்கா மகன், "இருக்கட்டும் மாமா, காசு குடுத்தாச்சுல்ல" என்று முடித்துவிட்டான். காந்தம் இன்னும் பைக்கில்தான் இருக்கிறது.

தனி மனிதர்கள் அளப்பதில் தடுமாறுவது இயல்பு. பத்திரிகைகள் தடுமாறுவதுதான் எனக்கு ஆற்றாமை. 1996-ல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை, தண்ணீரில் மூலிகையைப் போட்டுப் பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னபோது நாடே அவர் பின்னால் போனது. அவர் படிக்காதவர், கிராமத்தவர், விஞ்ஞானிகள் பொறாமைப்படுகிறார்கள் என்பதே செய்தியின் வடிவமாக இருந்தது. கணக்கு எந்தப் பத்தியிலும் இடம்பெறவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் 600 கிராமுக்கு மேல் கார்பன் இருக்கிறது. தண்ணீரில் கார்பன் கிடையாது. அப்படியானால் அத்தனை கார்பனும் மூலிகையிலிருந்தே வர வேண்டும். ஒரு கைப்பிடி இலையில் 600 கிராம் கார்பன் எங்கிருந்து வரும்? பத்தாம் வகுப்பு வேதியியல், ஒரு தராசு, இரண்டு நிமிடம். அதற்கு ஐஐடிக்குப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. பிறகு மூலிகை எரிபொருள் என்ற பெயரில் சென்னையில் பங்குகள் வழியாக விற்பனையும் நடந்தது. விற்றது நாப்தா, டொலுவீன் மாதிரியான பெட்ரோலியப் பொருட்களின் கலவை என்பது சிபிஐ வழக்கு. 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கும் உடனிருந்தவர்களுக்கும் மூன்று ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. இருபது ஆண்டு. இதற்கு நடுவிலும் பின்னாலும் 'தண்ணீரில் ஓடும் பைக், மாணவர் சாதனை' என்ற செய்தி வருடத்துக்கு ஒன்றாவது வந்துகொண்டுதான் இருந்தது, இருக்கிறது.

நாம்தான் ஏமாளிகள் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஃபயர்பவர் என்ற நிறுவனம் எரிபொருள் மாத்திரை விற்பதாகச் சொல்லி, சிட்னி கிங்ஸ் கூடைப்பந்து அணியையே வாங்குமளவுக்கு வளர்ந்தது. அரசின் வணிக ஊக்குவிப்பு அமைப்பும் உதவியது. 2008-ல் சரிந்தபோது முதலீட்டாளர்களின் பணம் சுமார் 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் காணாமல் போயிருந்தது. அதைத் துருவிய பத்திரிகையாளர் ஜெரார்ட் ரைல்தான் பின்னால் பனாமா ஆவணங்கள் விசாரணையை நடத்திய அமைப்பின் தலைவர். அங்கே கேட்பதற்கு ஒரு பத்திரிகையாளர் இருந்தார் என்பது வித்தியாசம்.

அட்டைப்பெட்டியின் பின்பக்கம் இருக்கும் முத்திரைகளையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஐஎஸ்ஓ 9001 என்பது தொழிற்சாலை தன் வேலைமுறையை எழுதி வைத்து அதன்படி நடக்கிறது என்பதற்கான சான்று. பொருள் வேலை செய்கிறது என்று அது சொல்லவே இல்லை. வேலை செய்யாத பொருளையும் ஒழுங்கான முறையில் தயாரிக்கலாம். காப்புரிமையும் அப்படித்தான். 1930-களில் கனடாக்காரர் சார்லஸ் போக் என்பவர் அதிசய கார்புரேட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். காப்புரிமை இன்றும் படிக்கக் கிடைக்கிறது, அதிசயம்தான் கிடைக்கவில்லை. புனே ஏஆர்ஏஐ பெயரைப் போட்டிருந்தால் முழு அறிக்கையைக் கேளுங்கள். எதைச் சோதித்தார்கள் என்பது முக்கியம். கருவி தீப்பிடிக்காது என்ற சோதனைக்கும் மைலேஜுக்கும் சம்பந்தமில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970-களிலிருந்து இந்த மாதிரிக் கருவிகளை நூற்றுக்கு மேல் சோதித்திருக்கிறது. காந்தம், சுழல் தகடு, கூடுதல் காற்றுக் குழாய், மாத்திரை எல்லாம் அதில் உண்டு. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே சிறு பலன் காட்டின, அவற்றிலும் சில புகையைக் கூட்டித்தான் அதைச் சாதித்தன. இதைச் சொன்னால் கடைசி ஆயுதம் வெளியே வரும்: எண்ணெய் கம்பெனிகள் அமுக்கிவிட்டன. சரி, எண்ணெய் கம்பெனிக்கு லாபம் என்றே வைத்துக்கொள்வோம். கார் கம்பெனிக்கு என்ன லாபம்? இந்தியாவில் 2017-18 முதல் கஃபே விதிகள் இருக்கின்றன. ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி எரிபொருள் செலவு எல்லையைத் தாண்டக்கூடாது. இரண்டு மூன்று சதவீதத்துக்காக சிக்னலில் எஞ்சினைத் தானாக அணைக்கும் வசதியை வைத்து, அதற்குத் தாங்குகிற பேட்டரி, ஸ்டார்ட்டர் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். மைலேஜைச் சொல்லியே கார் விற்கிற நாட்டில், 1,400 ரூபாய் காந்தத்தில் 20 சதவீதம் கிடைக்கும் என்றால் தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்பியிருப்பார்கள்.

இந்தக் கருவிகளுக்கு இப்போது புது சீசன் வந்திருப்பதற்குக் காரணம் ஈ20 பெட்ரோல். மைலேஜ் குறைந்துவிட்டது என்ற புகாரை ஒட்டியே விளம்பரங்கள் வருகின்றன. அந்தக் குறைவு கற்பனையல்ல. ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 மெகாஜூல்தான் இருக்கிறது, பெட்ரோலின் 32-க்கு எதிராக. 20 சதவீதம் கலந்தால் சுத்தப் பெட்ரோலைவிடச் சுமார் 7 சதவீதமும், முன்பிருந்த ஈ10-ஐவிட 3.5 சதவீதமும் ஆற்றல் குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதமும், இரு சக்கர வாகனங்களுக்கு 3 முதல் 4 சதவீதமும் குறையும் என்று சொல்லியிருக்கிறது. டேங்குக்குள் வராத ஆற்றலை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. லிட்டருக்கு 50 கொடுத்த பைக் ஈ20-ல் 48 கொடுத்தால் பைக்கில் கோளாறு எதுவும் இல்லை. 42 கொடுத்தால் நிச்சயம் வேறு ஏதோ இருக்கிறது. முதலில் டயர் காற்றைப் பாருங்கள், பிறகு பிரேக் பிடித்தபடி சுற்றுகிறதா என்று பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள், பிறகு செயின், ஏர் ஃபில்டர், பிளக். காற்று நிறையப் பங்குகளில் இலவசம்தான்.